ஓடும் இஞ்சினுக்குள் ஒரு விரல்

சங்கரன்கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. எழுபத்தெட்டாம் வருஷத்துக் கூட்டத்தில் தெற்கு ரத வீதியில் ஒருவருக்குத் தும்மல் வந்தது. தும்ம இடமில்லை. அப்படியே அடக்கி வைத்திருந்து, மறுநாள் திருவேங்கடம் போய்த்தான் தும்மினார். அந்த ஊரில் அதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே, மத்தியான வெயிலில், பம்புசெட் மெக்கானிக் பாதுஷாவின் மகள் ஜுலைகா பீவியை நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியோடு தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏதோ சப்பரம் வருகிறது என்று நினைத்துக் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. விலகியிருக்காவிட்டால் அவள் கழுகுமலை ரோட்டு நர்சிங் ஹோமுக்கு உயிரோடு வந்து சேர்ந்திருக்க மாட்டாள்.

நாற்காலியை இறக்கினதும் டாக்டர் மருதப்பன் முதலில் பார்த்தது அவள் உதட்டை. நாவல் பழம் தின்ற வாய் மாதிரி நீலம் பாரித்திருந்தது. அவளைப் படுக்க வைக்கப் போன நர்ஸ் சுந்தரம்மாளைக் கையைக் காட்டி நிறுத்தினான். படுக்க வைத்தால் அந்தப் பிள்ளை தன் நெஞ்சுக்குள் ஊறுகிற நீரிலேயே மூழ்கிவிடும். அவள் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்துக்கொண்டிருந்தாள். வாயோரத்தில் லேசான ரோஸ் நிறத்தில் நுரை.

சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டான். வந்தது என்று தாயார் மகபூப் பீவி சொன்னாள். ஒரு வருஷமாக மகள் படுத்தே தூங்குவதில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள் என்றாள். அந்த மூச்சுச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஆடுகள் புல் தின்னாமல் இளைத்துப்போனதாகவும் சொன்னாள். மருதப்பன் குழாயை வைத்துக் கேட்டான். கேட்ட சத்தத்தில் அவனுக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு ஒட்டிச் சுருங்கியிருந்தது. நீர் பிரிகிற ஊசி போட்டான். ஆக்சிஜன் வைத்தான். நுரை நிற்கவில்லை.

இந்த மருதப்பன் யார் என்று சொல்ல வேண்டும். ஊர்க்காரன்தான். பருத்தி வியாபாரி வேல்சாமியின் மகன். பாளையங்கோட்டையில் டாக்டருக்குப் படித்து, மதுரையில் அறுவைக்குப் படித்து, அதோடு நிறுத்தாமல் மதராஸுக்குப் போய் இதயத்தை அறுப்பதற்கென்றே தனியாக ஒரு படிப்புப் படித்தவன். அங்கே அவனுடைய சீஃப் ஒரு பொல்லாத மனுஷன். இதயத்துக்குள் கண் போகாது, விரல்தான் போகும், ஆகவே விரலுக்குக் கண் முளைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சீடர்களின் கோட்டுப் பைக்குள் உளுந்தையும் துவரையையும் கலந்து போட்டு, வார்டில் நோயாளியிடம் பேசிக்கொண்டே உள்ளே விரலால் பிரிக்கச் சொல்வார். மருதப்பன் பிரித்த பருப்பில்தான் மூன்று வருஷம் விடுதியில் சாம்பார் கொதித்தது. தப்பாகப் பிரித்தால், ஆபரேஷன் நடக்கும்போது கையிலிருக்கும் கிடுக்கியாலேயே விரல் முட்டியில் ஒரு போடு போடுவார்.

படிப்பு முடிந்து வேலையில் சேருமுன் ஒரு மாதம் ஊரில் இருக்கலாமென்று வந்தவனை, அப்பா வேல்சாமி சும்மா இருக்கவிடவில்லை. மகனோடு கூடப் படித்த டாக்டர் சங்கரபாண்டியின் நர்சிங் ஹோம் வாசலில் இங்கிலீஷில் பெரிய போர்டு எழுதி மாட்டிவிட்டார். பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சிஎச். என்று எழுத்துகள் சுவரின் முனைவரை போயின. பெயின்டர் இன்னும் இரண்டு எழுத்து கூடியிருந்தால் பக்கத்து ரைஸ் மில் சுவரில்தான் எழுதியிருக்க வேண்டும் என்றான்.

அந்த போர்டில் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. சீஃப் விரலை விட்டு வால்வைத் திறந்த பிறகு, "இப்பத் தொட்டுப் பார்" என்று மருதப்பனைப் பல தடவை தொடவிட்டிருக்கிறார். திறந்த வால்வு எப்படி இருக்கும் என்று அவன் விரலுக்குத் தெரியும். மூடினதைத் திறக்க எவ்வளவு அமுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. குறைய அமுக்கினால் திறக்காது. கூட அமுக்கினால் கிழிந்துவிடும். கிழிந்த வால்வைத் தைக்க வேண்டுமானால் இதயத்தை நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு மதராஸில் மிஷின் உண்டு, சங்கரன்கோவிலில் இல்லை.

சங்கரபாண்டி அவனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஏலே, மதுரைக்கு அனுப்பிருவோம். நமக்கு ஏன் இந்த வேலை?"

"ரோட்டைப் பாத்தியாலே? கார் ஊரைத் தாண்டவே சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் தாங்காது."

சங்கரபாண்டி ராணுவத்தில் இருந்தபோது மயக்க மருந்து கொடுக்கப் பழகியவன். குடல்வால், குடலிறக்கம், பிரசவம் தவிர அந்த அறையில் வேறெதுவும் நடந்ததில்லை. அவன் கொஞ்ச நேரம் தன் செருப்பைப் பார்த்தான். பிறகு ஈதர் பாட்டிலை எடுத்துவைக்கப் போனான்.

இனி சம்மதம் சொல்ல வேண்டியது பாதுஷா. மருமகன் துபாயில் இருந்தான்.

பாதுஷாவோ டாக்டர்களைப் பட்டத்தின் நீளத்தை வைத்து அளக்கிற மனுஷன். அவருடைய அண்ணன் வயிற்று வலி என்று தூரத்து ஊர் ஒன்றுக்குப் போனார். அங்கே மூன்று வரிக்குப் பட்டம் வைத்திருந்த டாக்டர் பார்த்தார். அண்ணன் வேனில் திரும்பி வந்தார், படுத்தபடி, மூடியபடி. அன்றிலிருந்து பாதுஷாவுக்கு ஒரு தீர்மானம். எம்.பி.பி.எஸ். காய்ச்சலுக்கு மருந்து தரும். அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் கபர்ஸ்தானை நோக்கி ஓரடி. இப்போது அவர் வாசலில் நின்று போர்டை அண்ணாந்து பார்த்தார். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் புள்ளிகள் தெரிந்தன. முகம் கறுத்துப்போனது.

உள்ளே வந்து, நாற்காலியைத் தூக்குங்கலே, போவோம் என்று கூட வந்தவர்களிடம் சொன்னார்.

மருதப்பன் குறுக்கே நின்றான். தான் எங்கெங்கே படித்தான், எத்தனை வருஷம் படித்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அதுதான் அவன் செய்த தப்பு. ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் பாதுஷா ஓரடி பின்னால் போனார். மதராஸ் என்றதும் வாசல்படிக்கே போய்விட்டார்.

"கடைசியில எழுதியிருக்கே, அது என்ன எழுத்து? அதைச் சொல்லும்."

மருதப்பன் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவள் ஜுலைகா. அந்த வீட்டில் இங்கிலீஷ் என்றால் அவள்தான்.

"எம்.சிஎச்... வாப்பா." ஒரு மூச்சு இறைத்தாள். "மெக்... கானிக்கு."

மருதப்பன் அவளைப் பார்த்தான். தெரியாமல் சொன்னவளின் கண் அல்ல அது. அந்தக் கண் அவனைப் பிடித்து நிறுத்தி, வாயைத் திறந்தால் தெரியும் சேதி என்றது. அவளுக்குப் பிழைக்க வேண்டும். தன் வாப்பாவை எந்தச் சாவி போட்டுத் திறக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாதுஷா வாசல்படியிலிருந்து மெல்லத் திரும்பினார்.

"மெக்கானிக்கா?"

மருதப்பன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மெய்யைச் சொன்னால் அவள் ரோட்டில் செத்துப்போவாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்துகொண்டான்.

பாதுஷா கிட்டே வந்து அவன் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். விரல் முட்டிகளில் பழைய தழும்புகள் இருந்தன.

"இது என்னது?"

"தொழில் படிக்கையில அடிச்சது."

"யாரு? மேஸ்திரியா?"

"எனக்குப் படிச்சுக் குடுத்தவரு. கையில இருக்கிறதாலயே அடிப்பாரு."

பாதுஷா தலையை ஆட்டிக்கொண்டார். அவர் முட்டியிலும் ஸ்பானர் அடித்த தழும்பு இருந்தது. குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. எங்கே கோளாறு என்று கேட்டார். மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் போகிற வால்வு ஒட்டிக்கொண்டது, போகிற ரத்தம் போகாமல் பின்னால் தேங்கி நெஞ்செல்லாம் தண்ணீர் ஊறுகிறது, ஒட்டினதைப் பிரித்துவிட்டால் போதும் என்றான் மருதப்பன். இந்த மாதிரித் தெளிவாக இதுவரை எந்த டாக்டரும் பேசினதில்லை என்று பாதுஷா மகபூப் பீவியிடம் திரும்பிச் சொன்னார். மருதப்பன் நாற்காலிப் பக்கம் திரும்பினான். ஜுலைகாவின் வாயோர நுரை ரோஸிலிருந்து சிவப்பாகிக்கொண்டிருந்தது.

"சரி. இஞ்சினை நிறுத்திட்டுத்தானே தொறப்பீரு?"

"இல்ல பாய். ஓடிக்கிட்டே இருக்கும்."

பாதுஷா பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். ஓடுகிற இஞ்சினில் வால்வைத் தொடுகிறவனை அவர் தம் பட்டறைக்குள் விடமாட்டார்.

"நிறுத்தலாம்லா?"

"நிறுத்தினா மறுபடி ஓட வைக்க இங்கன மிஷின் கிடையாது."

"கைய விடுவீரா?"

"ஒரு விரலு."

தெருவில் மேளச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. சங்கரபாண்டி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு மறுபடி உள்ளே போனான்.

"கடைசியா ஒண்ணு கேக்கேன்," என்றார் பாதுஷா. "நீரா தனியா எத்தனை பாத்திருக்கீரு?"

இதுதான் வரும் என்று மருதப்பனுக்குத் தெரியும். நூறு என்று சொல்லியிருக்கலாம். கூட நின்ற கணக்கில் அது பொய்யும் இல்லை.

"ஒண்ணும் இல்ல. இதுதான் மொத."

மகபூப் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்காலியின் கைப்பிடியில் பாதுஷாவின் கை போய் உட்கார்ந்ததை மருதப்பன் பார்த்தான். அவ்வளவுதான், தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தான். அப்போது ஜுலைகா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். நகமெல்லாம் நீலம்.

"வாப்பா. நீங்க மொத மொத... தனியா தொறந்தது... யாரு இஞ்சின்?"

அது குருவிகுளத்து சம்சாரி ஒருவருடைய தோட்டத்துப் பம்புசெட் இஞ்சின். ஊரே அறிந்த கதை. பதினாறு வயதில் பாதுஷா கை வைத்த அந்த இஞ்சின் அன்று ஓட ஆரம்பித்ததுதான், இதுவரை நிற்கவில்லை. நிறுத்தப் பார்த்தவர்கள் தோற்றுப்போனார்கள். சம்சாரி சலித்துப்போய் தோட்டத்தை விற்றபோது இஞ்சினையும் ஓடுகிறபடியேதான் விற்றார்.

பாதுஷா நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். போய் வராந்தாச் சுவரில் நெற்றியை முட்டு வைத்துக்கொண்டு, "பாரும் வே" என்றார். அந்தச் சொல்லைச் சுவரிடம்தான் சொன்னார்.

பிறகு நடந்தது எல்லாம் அவசரம். ரத்தம் பாதுஷாவுக்கும் பொருந்தியது, மருதப்பனின் அப்பா வேல்சாமிக்கும் பொருந்தியது. இருவரும் ஒரே பெஞ்சில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சங்கரபாண்டி அவளை உட்கார்ந்தபடியே மயக்கி, மூச்சுக் குழாயைப் போட்டு, பையைக் கையால் அமுக்க ஆரம்பித்தபோது அவன் சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு வேர்வை கிடைத்திருக்கும்.

மருதப்பன் இடது பக்க விலா எலும்புகளுக்கு நடுவே திறந்தான். எலும்புகளை விரித்துப் பிடிக்க அங்கே இருந்த கருவி பிரசவத்துக்கு உள்ளது. அதை வைத்தே விரித்தான். மேலே மூடியிருந்த உறையைப் பிளந்ததும் இதயம் தெரிந்தது. மேலறை வீங்கி, வெளியே தப்பிக்கப் பார்க்கிற மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. அந்த மேலறைக்கு நாய்க்குட்டிக் காது மாதிரி ஒரு நுனி உண்டு. அதைச் சுற்றிச் சுருக்குப் பை போல நூலைக் கோத்தான். நூலின் இரண்டு முனையையும் சுந்தரம்மாளிடம் கொடுத்து, விரல் உள்ளே போனதும் இழு, வெளியே வந்ததும் இன்னும் இழு, நடுவில் தும்மிக்கூட விடாதே என்றான். சுந்தரம்மாள் அன்றைக்கு அடக்கின தும்மலைச் சொன்னால் தெற்கு ரத வீதிக்காரர் வெட்கப்பட்டுப்போவார்.

நுனியைக் கத்தரித்து ஆள்காட்டி விரலை உள்ளே விட்டான். அதே நேரம் கரன்ட் போனது. ஊரெல்லாம் தபசுக்குப் பகலிலேயே சீரியல் விளக்குப் போட்டால் வேறென்ன ஆகும்? உறிஞ்சுகிற மிஷின் நின்றது. தலைக்கு மேலே விளக்கு அணைந்தது.

"ஏலே மருதப்பா," என்றான் சங்கரபாண்டி.

"இருக்கட்டும். பையை அமுக்கு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே சூடாக இருந்தது. ரத்தம் விரலைச் சுற்றி ஓடியது. வால்வு எங்கே என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு இடத்தில் ரத்தம் ஊசியாகப் பீச்சி விரல் நுனியில் குத்தியது. அங்கேதான். மீன் வாய் மாதிரி ஒரு துளை, கெட்டியாக, சுண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு. அதில் விரலை வைத்ததும் அந்தத் துளையும் அடைபட்டது. இதயம் தடுமாறியது.

"நாடி விழுதுலே."

அமுக்கினான். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். அசையவில்லை. இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டது. அடுத்ததையும் விட்டது. விரலைப் பின்னுக்கு இழுத்தான், வால்வை விட்டு மட்டும். அது மூச்சு வாங்குவதுபோல நாலைந்து தடவை வேகமாகத் துடித்து, மறுபடி ஓட ஆரம்பித்தது. சங்கரபாண்டி என்னவோ சொன்னான். காதில் விழவில்லை. சீஃப் என்ன சொல்லுவார் என்று நினைத்துப் பார்த்தான். சீஃப் ஒன்றும் சொல்லமாட்டார், அடிப்பார். அடி விழாததுதான் பயமாக இருந்தது. தப்பு எது என்று சொல்ல அந்த அறையில் அவனைத் தவிர ஆளில்லை.

விரல் நுனியால் துளையின் ஓரத்தைத் தடவினான். மெல்ல, சுற்றி. இரண்டு ஓரத்திலும் தையல் போட்டது மாதிரி ஒரு கோடு ஓடியது. நேரே அமுக்கினது தப்பு. அந்தக் கோட்டின் மேல் சாய்த்து அமுக்க வேண்டும். அமுக்கினான். பனங்கிழங்கை நுனியில் நகத்தை வைத்துப் பிளந்தால் அது தன் நாரோடு தானே பிளந்துகொண்டு போகுமே, அப்படி ஒரு பக்கம் வழிவிட்டது. விரலைத் திருப்பி மறு பக்கம் வைத்தான். நாடி போச்சு என்று சங்கரபாண்டி இந்தத் தடவை உரக்கச் சொன்னான். கையை எடுக்கவில்லை மருதப்பன். மறு பக்கமும் விட்டது. விரல் வழுக்கிக்கொண்டு கீழறைக்குள் முழுசாகப் போய் விழுந்தது.

வெளியே இழுத்தான். சுந்தரம்மாள் நூலை இழுத்தாள். இதயம் நின்றிருந்தது. உள்ளங்கையில் ஏந்தி ஒரு தடவை பிழிந்தான். இன்னொரு தடவை. மூன்றாவதற்கு விரலை மடக்கும்போது அது அவன் கையை உதறிவிட்டுத் தானே துடித்தது.

வீங்கிக் கிடந்த மேலறை கண்ணுக்கு முன்னால் வற்றியது. கரன்ட் வரவில்லை, ஜன்னல் வெளிச்சத்தில்தான் அதைப் பார்த்தார்கள். தைத்து மூடி முடிக்கும்போது தெருவில் தபசு பார்த்த கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது.

அதோடு முடிந்ததென்றால் சௌகரியம். இரவெல்லாம் மருதப்பன் அவள் கட்டிலருகே நின்றான். விடிந்ததும் ஜுலைகா கண் விழித்து, முதுகுக்கு வைத்திருந்த தலையணைகளை எடுக்கச் சொன்னாள். சுந்தரம்மாள் மருதப்பனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மூச்சு மாறவில்லை. அவள் மல்லாந்து படுத்தாள். நம்ப முடியாதவன்போல அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முகம் கழுவக் கொல்லைப்புறம் போனான்.

முகத்தில் சோப்பு இருக்கும்போதுதான் மகபூப் பீவியின் அலறல் கேட்டது.

சோப்போடு ஓடினான். கஞ்சிச் செம்பு தரையில் உருண்டு கிடந்தது. மகபூப் பீவி கதவோரம் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அந்தத் தாய் மகள் படுத்துப் பார்த்ததில்லை. அந்த மூச்சுச் சத்தம் கேட்காத நாளையும் பார்த்ததில்லை. இப்போது மகள் வெள்ளைத் துணிக்குள் நேராகப் படுத்திருந்தாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. தெரு ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பாதுஷா கட்டிலைப் பார்த்தார், திரும்பினார், மருதப்பனின் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தார்.

"ஓடுற இஞ்சினில கைய விட்டீரே. நீரு மெக்கானிக்குதானா வே?"

சோப்பு கண்ணில் எரிந்தது. அவர் தோளுக்கு மேலே கட்டில் தெரிந்தது. அசைவில்லை. அந்த நிமிஷம் மருதப்பனும் நம்பிவிட்டான். நூல் அவிழ்ந்திருக்கும். உள்ளே கசிந்திருக்கும். முகம் கழுவப் போயிருக்கக் கூடாது.

"இல்ல பாய்," என்றான். "நான் மெக்கானிக்கு இல்ல."

பிடி இறுகியது. அந்தப் பிடியோடேயே அவரை இழுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்துக் கட்டிலின் பக்கம் போய், குனிந்து, அவள் கழுத்தில் விரலை வைத்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அவசரமில்லாமல், ஒன்றுபோல், ஒன்றன்பின் ஒன்றாக. சொல்ல வாயைத் திறந்தான்.

ஜுலைகா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அவுஹ மெக்கானிக்கு இல்லைன்னு எனக்கு மொதல்லயே தெரியும் வாப்பா. ஒரு வருசம் கழிச்சு இப்பத்தான் படுத்திருக்கேன். எல்லாரும் கொஞ்சம் வெளிய போய் அழுங்க."

வெளியே போய் அழுதார்கள். மருதப்பனும் போனான்.